நைஜர் நதிக்கரையின் அமானத்துகள்

மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள நைஜர் ஆற்றின் போக்கு விந்தையானது. அட்லாண்டிக் கடலிலிருந்து ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தொலைவில், கினியா நாட்டு மலைகளில் அது பிறக்கிறது. பிறந்ததும் அருகிலுள்ள கடலுக்கு முதுகைக் காட்டி, வடகிழக்கே ஸஹாராப் பாலைவனத்தை நாடி ஓடுகிறது. பாலையின் விளிம்பைத் தொட்டபின் வளைந்து தெற்கே திரும்பி, நைஜீரியாவில் கடலோடு கலக்கிறது. இதன் மொத்த நீளம் சுமார் 4,180 கிலோமீட்டர். அவ்வளைவின் ஓரத்தில், ஆற்றுக்கும் மணற்கடலுக்கும் இடையே நிற்கும் ஊரே திம்புக்து.

உலகஞ்சுற்றிய இப்னு பதூதா இவ்வாற்றை ஹிஜ்ரி 753-இல் (கி.பி. 1352) கண்டார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் மதுரையில் சுல்தான் கியாதுத்தீனின் அவையில் விருந்தினராக இருந்தவர் அவரே என்பது தமிழ் மக்கள் நினைவிற் கொள்ளத்தக்கது. நைஜரை அவர் நீல நதியின் ஒரு பகுதியென்றே எண்ணினார். அக்காலப் புவிநூலார் பலரும் அவ்வாறே எண்ணினர். அங்குள்ள மக்கள் தம் பிள்ளைகள் திருக்குர்ஆனை மனனம் செய்வதில் காட்டிய பேரார்வத்தை அவர் வியந்து எழுதியிருக்கிறார்.

இந்நதிக்கரையில் பழம்பொருள் சேகரிப்பு நடந்த வரலாற்றை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம். மண்ணுக்குள் கிடந்த சிற்பங்களும், பெட்டிக்குள் கிடந்த கிதாபுகளும் அங்கே சேகரிக்கப்பட்டன. யார் சேர்த்தார், யாருக்காகச் சேர்த்தார் என்பதைப் பொறுத்தே அப்பொருள்களின் கதி அமைந்தது. நம் இல்லங்களில் உள்ள பழம் ஏடுகளைப் பற்றிச் சிந்திப்பதற்கும் இவ்வரலாறு உதவும்.

தோண்டி எடுத்தவை

நைஜர் ஆறு மாலி நாட்டின் நடுவே பல கிளைகளாகப் பிரிந்து, பரந்த வெள்ளச் சமவெளி ஒன்றை உண்டாக்குகிறது. அச்சமவெளியில் ஜென்னே என்னும் ஊர் இருக்கிறது. அதிலிருந்து 3 கிலோமீட்டர் தொலைவில் ‘பழைய ஜென்னே’ எனப்படும் மண்மேடு உள்ளது. 1977-இல் ரோடரிக் மெக்கின்டோஷ், சூசன் மெக்கின்டோஷ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் தம்பதியர் அங்கே அகழாய்வு நடத்தினர். கி.மு. 250 அளவில் தொடங்கிக் கி.பி. 1400 வரை மக்கள் அங்கு வாழ்ந்தனர் என்று அவர்கள் கண்டனர். ஸஹாராவைக் கடந்து அரபு வணிகர் வந்த பின்னரே அந்நாட்டில் நகரங்கள் தோன்றின என்று அதுவரை கூறிவந்தனர். அக்கூற்று அந்த மேட்டில் உடைந்தது. நெல் விளைத்து, இரும்பு உருக்கி, நகரமைத்து வாழ்ந்தவர்கள் அந்த ஆற்றங்கரை மக்களேயாவர்.

அதே காலத்தில் வேறொரு கூட்டமும் அப்பகுதியில் தோண்டிக்கொண்டிருந்தது. சமவெளியெங்கும் கிடைத்த சுடுமண் உருவங்களுக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெருவிலை கிடைத்தது. ஏழை உழவர் சிறு கூலிக்குத் தோண்டினர். இடைத்தரகர் பொருள் ஈட்டினர். செல்வர் மாளிகைகளில் அவை அலங்காரமாயின. முழுமையாகக் கிடைக்காத உருவத்துக்குப் புதிய கைகால் பொருத்தி விற்றவரும் உண்டு.

இதனால் நேர்ந்த இழப்பைச் சற்று விளக்க வேண்டும். ஓர் உருவம் எந்த வீட்டின் எந்தச் சுவரருகே, எந்தப் பானையோடு, எந்த மண் அடுக்கில் கிடந்தது என்பதே அதன் வரலாறு. அதைப் பிடுங்கி எடுத்துவிட்டால் உருவம் எஞ்சும், செய்தி அழியும். கிதாபிலிருந்து ஓர் ஏட்டைக் கிழித்து, அதிலுள்ள பூவேலைக்காகச் சட்டமிட்டு மாட்டுவதற்கு இது ஒப்பாகும்.

அவ்வுருவங்கள் இஸ்லாத்துக்குப் புறம்பான வழிபாட்டோடு தொடர்புடையனவாயிருக்கலாமே, அவற்றைப் பேணுவானேன் என்று சிலர் வினவக்கூடும். பூமியிற் பயணம் செய்து முன்சென்றோரின் வரலாற்றை உற்றுநோக்குமாறு திருமறை பலவிடங்களில் பணித்திருக்கிறது. உற்றுநோக்க ஏதேனும் எஞ்சியிருந்தாலன்றோ அப்பணியை நிறைவேற்ற இயலும்? மாலி அரசு 1985-இல் தொல்பொருள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்திச் சட்டம் இயற்றியது. நைஜர் பள்ளத்தாக்கின் தொல்பொருள்கள் தன் நாட்டுக்குள் வருவதை அமெரிக்கா 1993-இல் தடை செய்தது. அதற்குள் பல மேடுகள் குழிகளாகிவிட்டிருந்தன.

கப்பலேறிய நூலகம்

இனி கிதாபுகளின் கதைக்கு வருவோம். நைஜர் ஆற்றின் மேற்பகுதியில் ஸெகூ என்னும் நகரம் உள்ளது. 1890-இல் பிரெஞ்சுத் தளபதி அர்ஷினார் அதைக் கைப்பற்றினார். அங்கே அல்ஹாஜ் உமர் தால் அவர்களின் குடும்பத்தார் போற்றி வந்த நூலகம் இருந்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட தொகுதிகள் பாரிஸுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. இன்றும் அவை பிரான்சின் தேசிய நூலகத்தில் இருக்கின்றன.

நடுநிலையோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே அவை செம்மையாகக் காக்கப்படுகின்றன, அட்டவணையும் அச்சாகியுள்ளது. ஆயினும் ஸெகூவில் பிறந்த மாணவன் தன் ஊர் ஆலிம்கள் ஓதிய கிதாபைக் காணக் கடல் கடக்க வேண்டியிருந்தது. ஏடு பிழைத்தது, ஏட்டுக்கும் ஊருக்கும் இருந்த உறவு அறுந்தது.

இச்செய்தி நதிவழியே பரவியபோது மற்ற ஊரார் என்ன செய்திருப்பர்? திம்புக்துவிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் மக்கள் தம் கிதாபுகளை மறைத்தனர். சுவருக்குள்ளும், தரைக்கடியிலும், மணலுக்குள்ளும் அவை சென்றன. வெளியாரிடம் தம்மிடம் ஏடே இல்லை என்றனர். ஆப்பிரிக்கருக்கு எழுத்து வரலாறே இல்லை என்று சில ஐரோப்பிய அறிஞர்கள் எழுதியபோது, அக்கூற்றைப் பொய்யாக்கும் சான்றுகள் அந்த மக்களின் காலடியிலேயே புதைந்திருந்தன.

திம்புக்துவின் பெட்டிகள்

அச்சான்றுகளின் பெருமையைச் சிறிது நோக்குவோம். வடக்கேயிருந்து ஒட்டகங்கள் உப்புப் பாளங்களையும், தெற்கேயிருந்து படகுகள் தானியத்தையும் பொன்னையும் கொண்டுவந்து சேர்த்த வணிக நகரம் திம்புக்து. மாலிப் பேரரசர் மன்ஸா மூஸா ஹிஜ்ரி 724-இல் (கி.பி. 1324) ஹஜ்ஜுப் பயணம் சென்று திரும்பியபின் அங்கே பெரிய பள்ளிவாசல் எழுந்தது. ஸன்கோரே பள்ளிவாசலைச் சுற்றி உலமாக்களின் வீடுகளே மதரஸாக்களாக விளங்கின. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குச் சென்ற ஹஸன் அல்வஸ்ஸான், மற்றெந்தச் சரக்கைக் காட்டிலும் கையெழுத்துக் கிதாபுகளே அவ்வூரில் மிகுந்த ஆதாயம் தந்தன என்று எழுதினார்.

அந்நகரின் தலைசிறந்த ஆலிம் அஹ்மது பாபா (ரஹ்) அவர்கள் (கி.பி. 1556-1627). மாலிகி மத்ஹபு அறிஞர்களின் வரலாற்றைத் தொகுத்தவர். மொராக்கோப் படை 1591-இல் அந்நாட்டை வென்றபின், அவரும் அவர் சுற்றத்தாரும் மராக்கிஷுக்கு நாடுகடத்தப்பட்டனர். தம்மிடமிருந்து பறிபோன கிதாபுகள் 1,600 என்று அவர் கூறினார். அதுவுந்தான் தம் உறவினரிடையே மிகச் சிறிய நூலகம் என்றும் சொன்னார். 1608-இல் தாயகம் திரும்பி, அங்கேயே மறைந்தார்.

அவ்வூர் ஏடுகளின் அமைப்பும் அறியத்தக்கது. காகிதம் பெரும்பாலும் இத்தாலியிலிருந்து வந்தது. எழுதியவர் கை உள்ளூர்க் கை. எழுத்து மஃக்ரிபு வழிப்பட்டது. ஏடுகளைத் தைப்பதில்லை, தனித்தனியாக அடுக்கித் தோலுறையிற் பொதிந்து கட்டுவர். இறுதியில் எழுதியவர் பெயரும் முடித்த நாளும் இருக்கும். சிலவற்றில் காகிதம் வாங்கிய விலையும் இருக்கும். ஃபிக்ஹு, ஹதீது, நஹ்வு, மருத்துவம், வானநூல், கடன் பத்திரம், ஃபத்வா என எல்லாம் அவற்றுள் உண்டு. ஸோங்காய், ஃபுலானி முதலிய நாட்டு மொழிகளை அரபு எழுத்தில் எழுதிய ஏடுகளும் உள்ளன. அரபுத் தமிழ் ஓதியோர்க்கு அவ்வழக்கை விளக்க வேண்டுவதில்லை.

மாலி விடுதலை பெற்றபின், ஐக்கிய நாடுகளின் கல்விப் பண்பாட்டு அமைப்பான யுனெஸ்கோவின் தூண்டுதலால் 1973-இல் திம்புக்துவில் அஹ்மது பாபா மையம் நிறுவப்பட்டது. சிதறிய ஏடுகளைத் தேடிச் சேர்ப்பது அதன் பணி. 1984-இல் அப்பணியில் சேர்ந்த அப்துல் காதிர் ஹைதரா என்பார் பரம்பரையாகக் கிதாபு போற்றிய குடும்பத்தவர். ஒட்டகத்திலும் படகிலும் ஊர் ஊராய்ச் சென்றார். பணம் வேண்டாதவர்க்கு மாடும் ஆடும் கொடுத்து ஏடுகளைப் பெற்றார். முதலில் மக்கள் ஐயுற்றனர். தம் மொழி பேசி, தம்மோடு தொழுது, வந்த காரணத்தை மறைக்காமல் சொன்னவரை மெல்ல நம்பினர்.

ஆயினும் தம் முன்னோர் சொத்தை விற்க மனமில்லாதவர் பலர் இருந்தனர். குடும்பங்கள் தம் பெயரிலேயே நூலகம் அமைக்க ஏற்பாடாயிற்று. 2000-ஆம் ஆண்டில் ஹைதரா தம் தந்தையார் பெயரால் மம்மா ஹைதரா நூலகத்தைத் திறந்தார். பின்னர் வேறு குடும்பங்களும் அவ்வாறே செய்தன. பொருள் உரியவரிடமே இருந்தது. பயன் உலகுக்குக் கிடைத்தது.

ஆறு சுமந்த ஏடுகள்

2012 ஏப்ரலில் ஆயுதக் குழுக்கள் திம்புக்துவைப் பிடித்தன. மார்க்கத்தின் பெயராலேயே வலிமார்களின் அடக்கத்தலங்களை இடித்தன. அடுத்து கிதாபுகளுக்கும் ஆபத்து வரும் என்று ஊரார் உணர்ந்தனர். இரவுகளில் ஏடுகளைத் தகரப் பெட்டிகளில் அடைத்து, நூலகங்களிலிருந்து வீடுகளுக்கு மாற்றினர். பின்னர் வண்டிகளில், சோதனைச் சாவடிகள் பலவற்றைக் கடந்து, தலைநகர் பமாக்கோவுக்கு அனுப்பினர். 2013 ஜனவரியில் போர் மூண்டு சாலை அடைபட்டபோது, நைஜர் ஆற்றில் படகுகள் பெட்டிகளைச் சுமந்தன. முன்னொரு காலம் தானியமும் பொன்னும் வந்த அதே நீர்வழி.

காக்கப்பட்டவை மூன்றரை இலட்சத்துக்கும் மேல் என்பது ஹைதரா தரும் கணக்கு. அது மிகையென்று கருதும் ஆய்வாளரும் உளர். எண்ணிக்கை எதுவாயினும், ஓட்டுநரும் படகோட்டியரும் நூலகப் பணியாளரும் உயிரைப் பணயம் வைத்தனர் என்பதில் ஐயமில்லை. ஊரைவிட்டு ஓடுமுன் அக்குழுவினர் அஹ்மது பாபா நிறுவனத்தில் எஞ்சியிருந்த நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஏடுகளை அழித்தனர்.

இடிந்த அடக்கத்தலங்களை உள்ளூர்க் கொத்தர்களே 2015-க்குள் மீண்டும் எழுப்பினர். இடித்தவர்களுள் ஒருவருக்குப் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் 2016-இல் ஒன்பதாண்டுச் சிறை விதித்தது. பமாக்கோவின் ஈரக்காற்றில் ஏடுகள் பூஞ்சை பிடியாதிருக்கப் பெரும்பாடு படவேண்டியிருந்தது. அமெரிக்காவின் மினசோட்டாவிலுள்ள கிறித்துவத் துறவியரின் நூலகம் ஒன்று அவற்றை நிழற்படமாகப் பதிவதற்கு உதவிவருகிறது. 2025 ஆகஸ்டில், அஹ்மது பாபா நிறுவனத்தின் ஏடுகள் 200-க்கும் மேற்பட்ட பெட்டிகளில் திம்புக்துவுக்குத் திரும்பத் தொடங்கின.

நம் இல்லத்துப் பெட்டிகள்

நைஜர் கரையில் பொருளை விலைக்காகப் பிடுங்கியவரும், வெற்றிச் சின்னமாக எடுத்துச் சென்றவரும், அமானத்தாகக் காத்தவரும் இருந்தனர். அமானத்தைக் காப்பவர் தமக்குப் பின் வருவோருக்குக் கணக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர். தாமிரபரணியின் முகத்துவாரத்தை அடுத்த காயல்பட்டினத்திலும், கீழக்கரையிலும், பிற ஊர்களிலும் நம் முன்னோர் எழுதிய அரபு, அரபுத் தமிழ் ஏடுகளுக்கும் இது பொருந்தும்.

நம்மிடையே கிதாபு கொள்ளை போவது அரிது. மரியாதையின் பெயராலும் சோம்பலாலும் அழிவதே மிகுதி. வீட்டை இடித்துக் கட்டும்போது பரண்மேலிருந்த மூட்டையை அவிழ்த்துப் பாராமலே ஆற்றிலோ கிணற்றிலோ விடுகின்றோம். அரபு எழுத்து மிதிபடலாகாது என்னும் அச்சம் போற்றத்தக்கது. ஆனால், மண்ணில் அடக்குவதும் நீரில் விடுவதும் ஓத இயலாத நிலையை எய்திய ஏடுகளுக்கு உரியவை. எழுத்துத் தெளிவாயிருக்கும் கையெழுத்துப் பிரதியை மூழ்கடிப்பது மரியாதையாகாது. அஃது உயிரோடு அடக்குவதாகும்.

செய்யவேண்டியவை எளியவை. ஏடுகளை ஈரமும் கறையானும் அணுகாத இடத்தில், துணியிற் பொதிந்து வையுங்கள்; பிளாஸ்டிக் பையில் கட்ட வேண்டாம். கிழிசலுக்கு ஒட்டுநாடா ஒட்ட வேண்டாம். அதன் பசை காலப்போக்கில் எழுத்தையே தின்றுவிடும். தனி ஏடுகளின் வரிசையைக் கலைக்காதீர்கள். கைப்பேசியால் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். விலை பேச வருவோரிடம் கொடுக்குமுன், ஊர் மதரஸாவின் உஸ்தாதுமார்களுக்குக் காட்டுங்கள். பங்கு பிரிக்கும்போது கிதாபைத் துண்டாக்காமல் ஒருவர் பொறுப்பில் விடுங்கள். யார் பொறுப்பு என்று எழுதியும் வையுங்கள்.

எழுதியவர் யாரென்று அறிய முதலில் இறுதி ஏட்டைப் புரட்டுங்கள். பெயரும் ஊரும் ஹிஜ்ரி ஆண்டும், தமக்காக துஆச் செய்யும்படி ஒரு வேண்டுகோளும் பெரும்பாலும் அங்கே இருக்கும். அதைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டி, அவர் கேட்ட துஆவைச் செய்துவிட்டுப் பெட்டியை மூடுங்கள்.