தேயிலையின் தியோபிலினும் விந்தணுவின் அசைவும்: ஒரு மருத்துவப் பயன்பாட்டின் வரலாறு

இலங்கை மலையகத்தின் பொருளாதாரத்தை அடுத்தடுத்துத் தாங்கிய காப்பியும் தேயிலையும் ஒரே வேதியியல் குடும்பப் பொருள்களைத் தம்முள் கொண்டவை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் காப்பியைத் துருநோய் பிடித்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளின் சரிவுகள் தேயிலையின் வசமாயின. அதே காலத்தில், 1888இல், ஜெர்மானிய வேதியியலாளர் அல்பிரெக்ட் கோசல் தேயிலைச் சாற்றிலிருந்து தியோபிலினைப் பிரித்தெடுத்தார். கஃபீனுக்கு நெருங்கிய அந்தப் பொருள் நெடுங்காலம் ஆஸ்துமா மருந்தாக அறியப்பட்டது. இன்று கருத்தரிப்புச் சிகிச்சைக் கூடங்களில் அசையாத விந்தணுவை அசைய வைக்கவும் பயன்படுகிறது. இதை வலுவற்ற அணுவுக்கு வலுவூட்டிய வெற்றியாகக் காண்பது எளிது. ஆனால் வலுவூட்டும் நோக்கம் சோதனையில் தளர்ந்தது. உயிருள்ள அணுவை இனங்காணும் உத்தியாகவே இம்முறை நிலைத்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

விந்தணுவின் வாலை அசைக்கும் பொறி, சுழல் ஏ.எம்.பி. என்னும் மூலக்கூறின் சமிக்ஞையைச் சார்ந்தது. பாஸ்போடைஎஸ்டரேஸ் என்ற நொதி அந்த மூலக்கூறைச் சிதைக்கிறது. கஃபீனும் தியோபிலினும் அந்த நொதியைத் தடுக்கின்றன. சிதைவு குறைந்தால் சமிக்ஞை மிகும், வால் வேகமாக அடிக்கும். 1971இல் கார்பர்ஸ் குழுவினர் காளையின் விந்தணுக்களில் இதை நிறுவினர். அப்பத்தாண்டிலேயே மனித விந்தணுவிலும் கஃபீன் அசைவைத் தூண்டுவது பதிவாயிற்று. ஆனால் வேகம் கூடியது என்பதாலேயே கருக்கட்டும் திறன் கூடியதாகாது. தூண்டப்பட்ட அணு தன் ஆற்றலை விரைவில் செலவிட்டு ஓயலாம்; முட்டையை அடையுமுன்பே அதன் தலைக்கவசம் திறந்துகொள்ளவும் கூடும். கஃபீன் அணுவின் நுண்ணமைப்பைப் பாதிப்பதாக எழுந்த ஐயமும் சேர்ந்துகொள்ள, 1980களின் பிற்பகுதியில் கவனம் அதே குடும்பத்தைச் சேர்ந்த பென்டாக்ஸிஃபிலின் பக்கம் திரும்பியது. ஆனால் வழமையான சோதனைக்குழாய்க் கருத்தரிப்பில் அதன் பலனும் ஆய்வுக்கு ஆய்வு மாறுபட்டது.

1992இல் பிரஸ்ஸெல்ஸில் பலெர்மோவும் சக ஆய்வாளரும் ஒற்றை விந்தணுவை நேரே முட்டைக்குள் செலுத்தும் முறையால் உண்டான கருத்தரிப்புகளை அறிவித்தபோது கேள்வியே மாறிவிட்டது. அணு இனி நீந்திச் செல்ல வேண்டியதில்லை. உயிரோடு இருந்தால் போதும். விந்தகத்திலிருந்து நேரே எடுத்து, உறையவைத்து, மீண்டும் உருக்கிய மாதிரியில் ஓர் அணுவும் அசையாமல் கிடப்பதுண்டு. அவற்றுள் எது உயிருள்ளது, எது இறந்தது என்று நுண்நோக்கியில் வெறுமனே பார்த்து உறுதிசெய்ய முடியாது. தூண்டுபொருள் சேர்த்த சில நிமிடங்களில் ஒரு வால் நெளிந்தாலே விடை கிடைத்துவிடும். 2011இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரைச் சேர்ந்த எப்னர் குழுவினர் இத்தகைய மாதிரிகளில் தியோபிலினால் அசைவு மீண்டதையும் கருக்கட்டும் வீதம் உயர்ந்ததையும் வெளியிட்டனர். இது தூண்டலின் வலிமையையே காட்டுகிறது எனலாம். ஆனால் முட்டைக்குள் அணுவைச் செலுத்துவது ஊசிதான். இங்கே தூண்டலால் மேம்பட்டது தெரிவு. உயிரை அறிய வேறு வழியும் உண்டே என்பது அடுத்த மறுப்பு. 1984இல் ஜெயேந்திரனும் சக ஆய்வாளரும் முன்வைத்த வீக்கச் சோதனையில், செறிவு குறைந்த கரைசலில் உயிருள்ள அணுவின் வால் சுருளும். ஆயினும் உறைந்து உருகிய மாதிரிகளில் சில வால்கள் தாமாகவே சுருண்டிருப்பதால், அம்முடிவு தடுமாற இடமுண்டு.

தேயிலையிலிருந்து வந்த பொருளாயிற்றே, தேத்தண்ணி குடித்தால் ஆண்மைக்கு நல்லதா என்று கேட்கத் தோன்றும். அளவுகளே பதில் சொல்கின்றன. ஒரு கோப்பைத் தேநீரில், இதே விளைவுள்ள கஃபீன் சுமார் 40 மில்லிகிராம் உண்டு. அது உடலெங்கும் பரவினால் லீட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவே நிற்கும். ஆய்வகத் தட்டில் சேர்க்கும் செறிவோ லீட்டருக்கு ஒரு கிராமை ஒட்டியது. இரத்தத்தில் கஃபீன் லீட்டருக்கு 80 மில்லிகிராமைத் தாண்டினாலே உயிருக்கு ஆபத்து. ஆகவே தட்டில் நடப்பதைக் குடித்துப் பெற வழியில்லை. தட்டில்கூட, தேர்ந்தெடுத்த அணுவைத் தூய திரவத்துக்கு மாற்றிய பிறகே ஊசியில் ஏற்றுகிறார்கள்.

இவ்வரலாறு மலையகத்துக்குச் சொல்லும் செய்தி, மருந்துக்கு முன்னே பரிசோதனை என்பதே. குழந்தையில்லாத வீட்டில் பழி முதலில் பெண் மீது விழுவது வழக்கம். கணவனின் விந்தைச் சோதிக்காமல் அந்தப் பழிக்கு மருத்துவ ஆதாரமில்லை. 2021இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆறாம் பதிப்புக் கையேட்டின்படி, மொத்த அசைவின் கீழ் வரம்பு 42 விழுக்காடு. மாதிரியை உடல் வெப்பத்துக்கு அருகில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலையோ 16 பாகை செல்சியஸ் அளவுதான். தோட்டத்து லயத்திலிருந்து வளைந்த பாதையில் பஸ் பிடித்து நகரத்து ஆய்வுகூடத்துக்குப் போய்ச்சேரும் மாதிரி, வழியிலேயே அசைவை இழக்கலாம். அப்போது குளிரின் விளைவு கணவனின் குறையாகப் பதிவாகிவிடும். அசைவின்மை வேறு, உயிரின்மை வேறு என்பதே இந்த ஆய்வு மரபு நிலைநாட்டிய உண்மை. அதனால் மாதிரியை ஆய்வுகூடத்திலேயே பெற ஏற்பாடு செய்வதும், முதல் அறிக்கையோடு முடிவுகட்டாமல் மறுபடி சோதிப்பதும், தூண்டுபொருளைப் பற்றிப் பேசுவதற்கு முன்னரே செய்யவேண்டியவை.