கடைமடையில் பத்துக் குழி

சென்னையில் இருக்கும் பேரன் போன வாரம் தொலைபேசியில், "தாத்தா, உங்க காலத்துல சாயங்காலம் ஆனா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டான். "ரயில் பார்க்கப் போவோம்டா" என்றேன். சிரித்தான். நான் உண்மையைத்தான் சொன்னேன்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டி. பிறவி மருந்தீசர் கோயில், முள்ளியாறு, கடைத்தெரு, ரயிலடி. இவ்வளவுதான் ஊர், மற்றதெல்லாம் வயல். பழைய தஞ்சாவூர் ஜில்லாவின் தென்கோடியில் கிடந்தோம். 1991இல் நாகப்பட்டினம் மாவட்டம் என்றார்கள், 1997இல் திருவாரூர் மாவட்டம் என்றார்கள். ஊர் இருந்த இடத்திலேயேதான் இருந்தது. மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை போகும் ரயில்பாதை 1894இல் வந்தது. ஜில்லா போர்டு விவசாயிகளிடம் வரி வசூலித்துப் போட்ட பாதை அது. இன்று யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை. பின்னால் வேதாரண்யத்துக்கு ஒரு கிளைப் பாதை பிரிந்தது. அதில் உப்பு வரும், புகையிலை வரும். அந்த வண்டியின் ஊதல் சத்தத்தை வைத்துத்தான் என் அம்மா உலை வைப்பாள்.

கடைமடை என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தார்கள் என்று பேப்பரில் படிப்போம். அந்தத் தண்ணீர் கல்லணை தாண்டி, வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் பிரிந்து, வழியில் உள்ளவர்கள் எல்லாம் குடித்து முடித்த பிறகு மிச்சம் இருந்தால் எங்களுக்கு வரும். மேலே குருவை நட்டு முடித்திருப்பார்கள். எங்களுக்கு ஒரே போகம், சம்பாதான். புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்போம். கடல் பக்கம் என்பதால் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு, ஆகவே போர் போட்டுத் தப்பிக்கவும் வழியில்லை. புரட்டாசியில் தண்ணீர் வரவில்லை என்று அழுதவனே கார்த்திகையில் தண்ணீர் வடியவில்லை என்று அழுவான். ஒரே ஆள், ஒரே வயல்.

இதையெல்லாம் சொல்லும்போது கடைமடைக்காரன் என்றாலே பரிதாபத்துக்குரியவன் என்று தோன்றும். எங்களுக்கும் கீழே ஒரு கடைமடை இருந்தது.

அப்பாவுக்குச் சொந்தமாகப் பன்னிரண்டு மா நிலம், அதாவது நாலு ஏக்கர். முத்துப்பேட்டை ரோடு ஓரம் சின்னத் தென்னந்தோப்பு. பெரிய மிராசுதார் இல்லை. ஆனாலும் எங்களுக்கென்று ஒரு பண்ணையாள் குடும்பம் தோப்பு ஓரம் கீற்றுக்குடிசையில் இருந்தது. என்னைவிட இருபது வயது மூத்தவரை நான் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அவர் என்னைச் "சின்னய்யா" என்பார். கொல்லைப்புறம் அவருக்கென்று ஒரு கொட்டாங்கச்சி இருந்தது, மோர் அதில்தான். இன்று எழுதும்போது கை கூசுகிறது. அன்று கூசவில்லை என்பதுதான் விஷயம்.

எங்கள் பகுதியில் அதற்கு முன்பு நடந்தவை இன்னும் கொடுமை. வேலைக்கு நேரமாகி வந்தால் சவுக்கடி, சாணிப்பால். சாணத்தைக் கரைத்து வாயில் ஊற்றுவது. இது கட்டுக்கதை இல்லை. 1940களில் விவசாயிகள் சங்கம் வந்து, ஒப்பந்தம் போட்டு நிறுத்த வேண்டியிருந்த வழக்கம். அந்தச் சங்கத்தைக் கட்டிய பி. சீனிவாசராவ் கன்னடம் பேசும் தேசத்திலிருந்து வந்தவர். 1961இல் காலமானார், நினைவிடம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. 1952இல் ராஜாஜி ஆட்சியில் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தபோது மிராசுதார்கள் கொதித்தார்களாம். சட்டம் வந்தும் 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிந்தார்கள். கூலி நெல்லில் கொஞ்சம் கூடக் கேட்டதில் தொடங்கிய தகராறு. அப்போது நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். விடுமுறைக்கு வந்தபோது அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

1971இல் குடியிருப்புச் சட்டம் வந்தது. அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டிருக்கும் விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனை சொந்தம். கணக்கெடுக்க வந்தவர்களிடம் அப்பா, "என் தோப்புல யாரும் குடியில்லை, காவலுக்கு ஆள் படுத்திருப்பான்" என்று சொல்லிவிட்டார். பொய். நான் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

மூன்று நாள் கழித்து அவர் என்னிடம் வந்தார். கேட்கவே இல்லை. சும்மா நின்றார். "சின்னய்யா, பேரு வந்துருக்கா?" என்று மட்டும் கடைசியில் கேட்டார். அன்று இரவு லாந்தர் வெளிச்சத்தில் தாசில்தாருக்கு மனு எழுதினேன். நான் எழுதிய முதல் மனு. கீழே அவர் பெருவிரலை வைத்தார். மனைக்கு எத்தனை குழி என்று கேட்டேன். காலால் அளந்துவிட்டு வந்து "பத்து இருக்கும்" என்றார்.

அப்பாவுக்குத் தெரிந்துபோயிற்று. என் கையெழுத்து அவருக்குத் தெரியாதா? அடிக்கவில்லை, திட்டவில்லை. அறுவடை வரைக்கும் என்னோடு பேசவில்லை. "அவனுக்குச் சோறு வை" என்று அம்மாவிடம்தான் சொல்வார். பத்துக் குழி போனதால் நாங்கள் ஏழையாகிவிடவில்லை. அப்பாவின் கோபம் குழிக்காக அல்ல என்று எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. சாகும் வரை அவர் அந்தக் குடும்பத்தைப் பற்றி நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. பட்டா வந்தது. அதன் பிறகும் அவர் எங்கள் வயலுக்குத்தான் வேலைக்கு வந்தார், கூலிக்கு. கொட்டாங்கச்சி மட்டும் எப்போது காணாமல் போனது என்று நினைவில்லை.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல். எங்கள் ஓட்டு வீட்டின் கூரை பாதி போயிற்று. தோப்பில் நின்றது ஏழு மரம். நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்த கட்டிமேடு நெல் ஜெயராமன் அடுத்த மாதமே காலமானார். ஊர் இரட்டை இழவாக இருந்தது. புயலன்று காலை என்னையும் மனைவியையும் டார்ச் அடித்துக்கொண்டு வந்து அழைத்துப் போனவன் அந்தப் பெரியவரின் பேரன். அதே பத்துக் குழியில் கட்டிய தளம் போட்ட வீடு. கரண்ட் இல்லாமல் பதினோரு நாள் அங்கே இருந்தோம். எவர்சில்வர் டம்ளரில் காபி தந்தார்கள். என்னை "சார்" என்றான். அவனுக்கு ஆறாம் வகுப்பில் கணக்கு எடுத்தது நான்தான். மனு விஷயம் அவனுக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. நான் சொல்லவில்லை.

2023 ஏப்ரலில் அகத்தியம்பள்ளிக்கு மறுபடி ரயில் விட்டார்கள், அகலப்பாதையில். முதல் வாரமே ரயிலடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஊதல் சத்தம் பழைய மாதிரி இல்லை.