அச்சுக் கண்ணாடிக் கலங்கள், பிரித்தானிய

உருகிய கண்ணாடியை உலோக அச்சில் இட்டு உந்துதண்டால் அழுத்தி உருவாக்கிய பூச்சாடிகளும் கிண்ணங்களும் அச்சுக் கண்ணாடிக் கலங்கள் எனப்படும். உள்வடிவை உந்துதண்டே தருவதால் உட்புறம் பெரும்பாலும் வழுவழுப்பாக இருக்கும். அச்சில் ஊதியெடுத்த கலங்களிலோ வெளி வேலைப்பாட்டின் மேடுபள்ளம் உள்ளேயும் தெரியும். 1820களில் அமெரிக்காவில் வளர்ந்த இம்முறை, அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட், சண்டர்லாந்து நகரங்களில் பெருந்தொழிலாயிற்று.

சேகரிப்போர் முதலில் தேடுவது முத்திரையை. சோவர்பி நிறுவனம் 1876இல் மயில்தலையைப் பதிவுசெய்தது. டேவிட்சன் நிறுவனம் கோட்டைக் கொத்தளத்திலிருந்து எழும் சிங்கத்தைப் பொறித்தது. 1842 முதல் 1883 வரை சாய்சதுரக் குறியும், 1884 முதல் ‘ஆர்டி’ எண்ணும் வடிவமைப்புப் பதிவைக் காட்டின. சாய்சதுரத்தின் உச்சியிலுள்ள ரோமானிய மூன்று கண்ணாடி வகையைக் குறிக்கும். முத்திரை இருந்தால் காலம் உறுதி என்பர். ஆனால் பதிவுக் குறி வடிவமைப்பு பதிவான நாளையே சொல்லும். கலம் வார்த்த நாளை அல்ல. ஒரே அச்சு பல்லாண்டு பயன்பட்டது. மூடிய ஆலைகளின் அச்சுகள் கைமாறின. முத்திரையற்ற அசல்களும் ஏராளம். எனவே அடிவிளிம்பின் தேய்மானமும் சான்றாக வேண்டும்: பல திசைகளில் ஓடும் நுண்கீறல்கள் நெடுநாள் பயன்பாட்டைக் காட்டும், ஒரே திசையில் ஓடுபவை செயற்கைத் தேய்ப்பை ஐயுறச் செய்யும். புறஊதா ஒளியில் பளிச்சென்று பச்சையாக ஒளிர்வது யுரேனியக் கலப்பைச் சுட்டுமே தவிர, பழமைக்குச் சான்றாகாது. அவ்வகைக் கண்ணாடி பிற்காலத்திலும் தயாரானது. வடிவமும் தேய்மானமும், முத்திரை இருந்தால் அதுவும், ஒத்துவந்தால் மட்டுமே ஒரு கலத்தின் காலத்தை ஏற்கலாம்.