பாதுகாவலர் கையொப்பம்

குற்றப் பரம்பரைச் சட்டம் என்றதும் நமக்குப் பெருங்காமநல்லூர் நினைவுக்கு வரும். 1920-இல் கைரேகை வைக்க மறுத்த மக்கள் மீது அங்கே துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்தச் சட்டத்தின் முதல் வடிவம் 1871-இல் வந்தது. அதற்கு இரண்டாம் பாகம் ஒன்று இருந்ததை நம் பாடப்புத்தகங்கள் சொல்வதில்லை. வடஇந்திய மாகாணங்களில் வாழ்ந்த ஹிஜ்ராக்களைக் குறிவைத்து எழுதப்பட்ட பாகம் அது. பெண்ணுடை அணிந்து பொது இடத்தில் தோன்றினாலோ ஆடினாலோ இரண்டாண்டு வரை சிறை என்ற பிரிவைத்தான் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். என்னை நிறுத்தியவை பிள்ளைகள் பற்றி அடுத்து வரும் பிரிவுகள்.

காவல்துறைப் பதிவேட்டில் பெயர் ஏறிய ஹிஜ்ரா, பதினாறு வயது நிரம்பாத ஆண்பிள்ளையைத் தன் வீட்டில் வைத்திருந்தால் அதற்கும் இரண்டாண்டு வரை சிறை. அந்தப் பிள்ளையைப் பெற்றோரிடம் ஒப்படைக்க மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். பெற்றோரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் பராமரிப்புக்கு அவரே ஏற்பாடு செய்வார். அந்தச் செலவுக்கு வளர்த்தவரிடம் வாங்கிய அபராதத்தையே பயன்படுத்தலாம். அதோடு, பதிவான ஹிஜ்ரா யாருக்கும் பாதுகாவலராக இருக்க முடியாது. மகனைத் தத்தெடுக்கவோ, தானம் கொடுக்கவோ, உயில் எழுதவோ முடியாது. குழந்தையும் சொத்தும் ஒரே பிரிவில்!

இத்தனைக்கும் சொல்லப்பட்ட காரணம், ஹிஜ்ராக்கள் சிறுவர்களைக் கடத்தி விதையடிக்கிறார்கள் என்பது. 1852-இல் மெயின்புரியில் பூரா என்ற ஹிஜ்ரா கொலை செய்யப்பட்டார். கொல்லப்பட்டவர் அவர்தான். ஆனால் அந்த வழக்கிலிருந்து அதிகாரிகள் எடுத்துக்கொண்ட பாடம், ஹிஜ்ரா சமூகமே ஆபத்தானது என்பது. காலனிய ஆவணங்களை ஆராய்ந்த வரலாற்றாளர் ஜெசிக்கா ஹிஞ்சி, அந்த வீடுகளில் பலவிதமான உறவுகள் இருந்ததைக் காட்டுகிறார். குருவும் சேலாவும் மட்டுமல்ல, உடன் வாசித்த இசைக்கலைஞர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். பெற்றவரோடு இருந்த பிள்ளையும் சட்டத்தின் கண்ணுக்குக் கடத்தப்பட்ட பிள்ளையாகவே தெரிந்தது.

அந்த ஏற்பாட்டை நான் புனிதமாக்க விரும்பவில்லை. குரு சேலா உறவில் அதிகாரம் உண்டு, உழைப்பும் காசும் மேலே போவதும் உண்டு. திருநங்கைத் தோழிகளே இதை வெளிப்படையாகப் பேசுகிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளை ஏன் வீட்டைவிட்டு வந்தது என்ற கேள்விக்கு 1871-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமே இல்லை. பெற்றோர் கிடைக்காமல் போகலாம் என்று யோசித்தவர்களுக்கு, அடித்து விரட்டியிருக்கலாம் என்று தோன்றவில்லை. இன்னொன்று: அது ஆண்பிள்ளைகளைப் பற்றி மட்டுமே பேசியது. பெண்ணென்று வளர்க்கப்பட்டு ஆணாகத் தன்னை உணர்ந்த பிள்ளை எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. அதற்கு ஓடிப்போய்ச் சேர ஒரு ஜமாத்தும் இல்லை. வீட்டைவிட்டு வெளியேற இருந்த ஒரே அங்கீகரிக்கப்பட்ட வழி கல்யாணம்.

சரி, பெற்ற தாயாவது பாதுகாவலரா? 1956-ஆம் ஆண்டு இந்து சிறார் மற்றும் பாதுகாவலர் சட்டம் தந்தையை இயற்கைப் பாதுகாவலராக வைத்தது. 'அவருக்குப் பின்' தாய். கீதா ஹரிஹரன் வழக்கில் 1999-இல்தான் உச்ச நீதிமன்றம் 'பின்' என்பதை அவர் இறந்த பின் என்று மட்டும் கொள்ளத் தேவையில்லை, அவர் பொறுப்பில் இல்லாதபோதும் என்று கொள்ளலாம் என விளக்கியது. ஆனால் மகன் புடவையைத் தொட்டால் "உன் வளர்ப்பு சரியில்லை" என்ற பேச்சு யாருக்கு விழும் என்று நமக்குத் தெரியும். கையெழுத்து அப்பாவுக்கு, பழி அம்மாவுக்கு. அந்தப் பழிக்குப் பயந்து பிள்ளையை முதலில் அடிக்கிறவளும் சில வீடுகளில் அவள்தான். ரேவதியின் 'வெள்ளை மொழி', லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' இரண்டிலும் வீடு அடி விழுந்த இடமாகவும் வருகிறது, ஏங்கித் திரும்பிப் பார்க்கும் இடமாகவும் வருகிறது.

2019-இல் நாடாளுமன்றம் திருநர் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியபோது 1871-இன் வெறுப்பு அதில் இல்லை. பிறந்த வீட்டில் வசிக்கும் உரிமையையும், ஒதுக்கப்படாமல் இருக்கும் உரிமையையும் அது தந்தது. அது நல்லதுதான். ஆனால் அதே 12-ஆம் பிரிவைத் தொடர்ந்து படியுங்கள். திருநர் என்பதற்காகக் குழந்தையை நீதிமன்ற உத்தரவின்றிப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது. குடும்பத்தால் கவனிக்க முடியாவிட்டால் மறுவாழ்வு மையத்துக்கு அனுப்ப நீதிமன்றம் உத்தரவிடும். பிறந்த வீடு, இல்லையென்றால் அரசு. இடையில் வளர்க்கிறவள் இந்த முறையும் காணோம். மசோதாவை எதிர்த்த திருநர் அமைப்புகள் கேட்டது இதைத்தான்: வன்முறை நடப்பதே பிறந்த வீட்டில் என்றால் என்ன செய்வது?

வளர்க்கிறவள் கற்பனைப் பாத்திரம் அல்ல. தலித் திருநங்கைச் செயற்பாட்டாளர் கிரேஸ் பானுவின் வளர்ப்பு மகள் தாரிகா பானு, 2017-இல் சென்னையில் அரசுப் பெண்கள் பள்ளியில் படித்து பிளஸ் டூ தேறினார். சித்த மருத்துவம் படிக்க இடம் கேட்டு அவர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5-ஆம் பிரிவில் அடையாளச் சான்றிதழ் பற்றி ஒரு வரி இருக்கிறது. விண்ணப்பிப்பவர் சிறாராக இருந்தால் பெற்றோரோ பாதுகாவலரோதான் விண்ணப்பிக்க வேண்டும். பதினான்கு வயதில் தன்னைச் சொல்லிவிட்ட பிள்ளைக்கு அப்பா கையெழுத்துப் போட மறுத்தால் இன்னும் நான்கு வருடம். அதற்குள் பத்தாவது, பன்னிரண்டாவது இரண்டு பொதுத்தேர்வும் பழைய பெயரில் முடிந்துவிடும்.