“பிளேட்லெட் எவ்வளவு?”

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று எங்கும் ரத்தப் பரிசோதனை நிலையங்களில் கூட்டம் சேரும். காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டிவிட்டால் வீட்டிலுள்ள அத்தனை பேரும் கேட்பது ஒன்றைத்தான்: “பிளேட்லெட் எவ்வளவு?” ஒன்றரை லட்சத்துக்கு மேல் என்றால் நிம்மதி. ஐம்பதாயிரத்துக்குக் கீழே போனால் பப்பாளி இலைச் சாறு, நிலவேம்புக் கஷாயம், ஆஸ்பத்திரிப் படுக்கை. பிளேட்லெட்டைச் சரிக்கும் டெங்கு இந்த ஊருக்குப் பழைய விருந்தாளி. 1780-லேயே சென்னையில் டெங்கு போன்ற காய்ச்சல் பரவியதாக மருத்துவ வரலாறு பதிந்து வைத்திருக்கிறது.

2020-ல் அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில் எதையும் விளக்கவில்லை.

அந்த ஆண்டு மார்ச் 7-ல் தமிழகத்தின் முதல் கொரோனா நோயாளி உறுதியானார். மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்று நாலா திசையும் போனது. 1899-ல் தொடங்கப்பட்ட கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் இரவு பகலாக மாதிரிகளைச் சோதித்தது. அதன் அருகே, முதியோருக்காகக் கட்டப்பட்டிருந்த மருத்துவமனை, 750 படுக்கைகளோடு ஜூலை 7-ல் கொரோனா மருத்துவமனையாகத் திறக்கப்பட்டது. உலகெங்கும் இத்தகைய வார்டுகளில் மருத்துவர்களைக் குழப்பிய விஷயம் ஒன்று உண்டு. பெரும்பாலான நோயாளிகளுக்குப் பிளேட்லெட் எண்ணிக்கை சரியாக இருந்தது, அல்லது சற்றே குறைந்திருந்தது. ஆனாலும் நுரையீரலில், கால் சிரையில், மூளையில் ரத்தம் கட்டியது.

முதல் எச்சரிக்கை வூஹானிலிருந்து வந்தது. 183 நோயாளிகளை ஆராய்ந்தபோது, இறந்தவர்களில் 71.4 சதவீதம் பேருக்கு உடல் முழுக்க ரத்த உறைவு நிலைகுலைந்திருந்தது. பிழைத்தவர்களில் அது 0.6 சதவீதம்தான். ஏப்ரலில் நெதர்லாந்து மருத்துவர்கள் தீவிர சிகிச்சையில் இருந்த 184 பேரைக் கவனித்தார்கள். 31 சதவீதம் பேருக்கு ரத்தக்கட்டிச் சிக்கல். கரைந்த கட்டியின் மிச்சத்தை ரத்தத்தில் அளக்கும் டி-டைமர் சோதனை, அதுவரை டாக்டர்களின் பேச்சில் மட்டும் இருந்தது, சென்னை வீடுகளின் வாட்ஸ்அப்புக்குள் நுழைந்தது.

பிளேட்லெட்டின் வேலையை 1880-களின் தொடக்கத்தில் இத்தாலியின் டூரின் நகரில் கண்டு சொன்னவர் ஜூலியோ பிட்சோசெரோ. உட்கரு இல்லாத, இரண்டு மூன்று மைக்ரான் அகலமே உள்ள துணுக்கு அது. பத்து நாள் வாழ்ந்தால் அதிகம். ரத்தக்குழாயில் கீறல் விழுந்தால் ஓடிவந்து ஒட்டிக்கொண்டு அடைக்கும். கொரோனாவில் கீறலே இல்லாத இடத்திலும் ஒட்டியது. 2020-ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகக் குழு, நோயாளிகளின் பிளேட்லெட்டுகள் மிகச் சிறிய தூண்டலுக்கே வேகமாகத் திரண்டுவிடுவதைக் காட்டியது.

தூண்டியது யார் என்பதில்தான் சண்டை. வைரஸின் ஸ்பைக் புரதம் பிளேட்லெட்டின் ஏசிஇ2 ஏற்பியைப் பற்றுகிறது என்றார்கள் சீன ஆய்வாளர்கள். பிளேட்லெட்டில் அந்த ஏற்பியே தென்படவில்லை என்றது யூட்டா. 2021-ல் தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷ் குழு, ஸ்பைக் துண்டு சேர்ந்த ரத்தத்தில் உருவாகும், கட்டியைப் பின்னும் ஃபைப்ரின் இழைகள் எளிதில் கரைவதில்லை என்று கண்டது. 2023-ல் வைரஸின் இ-புரதம் சிடி36 என்ற வேறொரு ஏற்பி வழியாகப் பிளேட்லெட்டை உசுப்புவது தெரிந்தது. 2024-ல் சான்பிரான்சிஸ்கோவின் காத்தரீனா அகஸோக்ளூ குழு, ஸ்பைக் நேரடியாக ஃபைப்ரினோடு பிணைந்து, அழற்சியைக் கிளறும் கட்டியை உண்டாக்குவதை எலிகளில் நிரூபித்தது. ஒரே குற்றவாளியைத் தேடியது வீண். பல புரதங்களும் உடலின் சொந்த அழற்சியும் கைகோத்த வேலை இது.

மருந்து மட்டும் பழையது. 1916-ல் பால்டிமோரில் மாணவர் ஜே மெக்லீன் நாய்க் கல்லீரலை ஆராயும்போது தட்டுப்பட்ட பொருளிலிருந்து வளர்ந்ததே ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின். 2020 ஜூனில் மத்திய சுகாதார அமைச்சகத்தின் சிகிச்சை நெறிமுறையிலேயே அது இடம்பெற்றது. அடுத்த ஆண்டு வெளியான பன்னாட்டு ஆய்வுகள் நேரத்தின் அருமையைச் சொல்லின. நோய் மிதமாக இருக்கும்போது முழு அளவு ஹெப்பாரின் பலன் தந்தது. தீவிர சிகிச்சைக்குப் போனபிறகு தொடங்கியபோது பலன் இல்லை.

2021 ஏப்ரலில் பிளேட்லெட் கணக்கு மீண்டும் தலைகீழானது, இந்த முறை தடுப்பூசிப் பேச்சில். நடிகர் விவேக் 15-ம் தேதி ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கோவாக்சின் போட்டுக்கொண்டார்; மறுநாள் மாரடைப்பில் சாய்ந்து, 17-ம் தேதி அதிகாலை இறந்தார். ஊரே தடுப்பூசியைச் சந்தேகித்தது. அவருடைய இதயக் குழாய் ஒன்று முழுதாக அடைத்திருந்தது. தடுப்பூசிக்குத் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் அப்போதே சொன்னார்கள். பின்னர் மத்திய ஆய்வுக் குழுவும் அதையே உறுதிசெய்தது.

உண்மையான அரிய ஆபத்து வேறு ஊசியில், வேறு வடிவில் இருந்தது. கோவிஷீல்டு போன்ற அடினோவைரஸ் தடுப்பூசிகளுக்குப் பின், மிகச் சிலருக்குப் பிஎஃப்4 என்ற பிளேட்லெட் புரதத்தையே தாக்கும் எதிர்ப்பொருள் உருவானது. எண்ணிக்கை டெங்குபோல் சரியும், ரத்தமோ கட்டும். இங்கே பழைய வழக்கப்படி பிளேட்லெட் ஏற்றினால் கட்டி பெருகக்கூடும். ஹெப்பாரினையும் தவிர்த்து, இம்யூனோகுளோபுலினும் வேறு உறைவுத் தடுப்பு மருந்தும் தர வேண்டும். 2021 மே 17-ல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கின்படி, ரத்தக்கட்டியாக இருக்கக்கூடும் என்று கண்டறியப்பட்டவை நாடு முழுக்க 26. பத்து லட்சம் கோவிஷீல்டு டோஸ்களுக்கு 0.61.

(தொடரும்)