நோகாத நோய்

பல் நோவு ஒருவருக்கு வந்துவிட்டால் வீட்டில் எவரும் அன்றிரவு உறங்குவதில்லை. ஒருவர் கிராம்பைத் தேடுவார். ஒருவர் வெந்நீர் வைப்பார். விடிந்ததும் வைத்தியர் வாசலில் போய் நிற்பார்கள். ஆனால் பல்லைப் பிடித்து நிற்கும் ஈறு கெடும்பொழுது இத்தகைய பரபரப்பு ஒன்றும் நிகழ்வதில்லை. ஏனெனில் அது பெரும்பாலும் நோவதில்லை. காலையில் பல் துலக்கி உமிழும் நீரில் சற்றுச் சிவப்புக் கலந்து வரும். ஈறு வெளிறிய நிறம் மாறிச் சிவந்து, ஓரம் தடித்துப் பளபளக்கும். வாயில் நாற்றம் தோன்றும். அதை நாம் அறியுமுன் பிறர் அறிவர். பத்தாண்டோ இருபதாண்டோ கழிந்தபின், சொத்தை என்பதே இல்லாத முழுப் பல்லொன்று முறுக்கைக் கடிக்கையில் ஆடுகிறது. “வயதாகிவிட்டது, போகட்டும்” என்று சொல்லி அதைக் கூரைமேல் எறிந்துவிடுகிறோம்.

நான் பல் வைத்தியத்தைத் தொழிலாகக் கொண்டவன். அந்தப் பல்லைக் கொண்டுபோனது வயதன்று என்பதை மனிதர் எங்ஙனம் கண்டுகொண்டனர் என்ற கதையையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அக்கதையில் நம்மவர்க்கும் ஓர் இடம் உண்டு. அதை உரிய இடத்தில் சொல்லுகிறேன்.

ஹாலந்து நாட்டில் டெல்ஃப்ட் என்ற ஊரில் துணி வாணிகம் செய்துகொண்டிருந்தவர் அந்தோனி வான் லேவன்ஹுக். தாமே கண்ணாடி தேய்த்து நுண்நோக்கிகள் செய்து, மழைநீர் முதல் மிளகுநீர் வரையில் அகப்பட்டதையெல்லாம் அதன் கீழ் வைத்துப் பார்ப்பது அவருக்கு வழக்கம். 1683ஆம் ஆண்டு செப்டம்பரில் லண்டன் ராயல் சங்கத்திற்கு அவர் எழுதிய கடிதம் ஈறு நோய் வரலாற்றின் முதல் ஏடு எனலாம். நாள்தோறும் உப்பினால் பல்லைத் தேய்ப்பவர் அவர். உணவுக்குப் பின் குச்சியால் இடுக்குகளைத் துழாவித் துணியாலும் துடைப்பவர். தம் வயதில் தம்மைப்போல் வெண்மையான பல் உடையவர் சிலரே என்றும், உப்பால் அழுத்தித் தேய்த்தாலும் தம் ஈறில் இரத்தம் வருவதில்லை என்றும் அவருக்குச் சிறிது பெருமையுண்டு. அத்தகைய வாயிலேயே, பல்லிடுக்கில் மாவு போன்ற வெண்பொருள் ஒன்று படிந்திருக்கக் கண்டார். அதை எடுத்து மழைநீரில் கரைத்து நோக்கினார். எண்ணிறந்த சிற்றுயிர்கள் துள்ளித் திரிந்தன. வாழ்நாளில் ஒரு முறையேனும் வாயைச் சுத்தம் செய்தறியாத கிழவர் ஒருவரைத் தேடிப் பிடித்து, அவர் வாயிலிருந்தும் எடுத்துப் பார்த்தார். அங்கே கூட்டம் இன்னும் பெரிது. தம் நாட்டு மக்களின் தொகையைவிட ஒரு மனிதன் வாயிலுள்ள உயிர்களின் தொகை மிகுதி என்று அவர் வியந்தார்.

மற்றொன்றும் அவர் கண்டார். அதன் அருமை இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலேதான் விளங்கிற்று. அந்த வெண்பொருளைக் கரைத்துக் காடியைச் சேர்த்தால் உயிர்கள் மாண்டன. காடியை வாயில் வைத்துக் கொப்பளித்தாலோ, பல்லில் ஒட்டியிருந்த படிவின் உள்ளே அவை சுகமாக இருந்தன. படிவுக்குள் மருந்து புகுவதில்லை. பல பெயர்களில் விற்கும் கொப்பளிப்பு நீர்களை மட்டுமே நம்பியிருப்போர் இந்தத் துணி வாணிகரின் கடிதத்தைப் படிக்க வேண்டும்.

நுண்ணுயிரைக் கண்டவர் ஹாலந்துக்காரர். ஆனால் அதற்கும் ஈறு கெடுவதற்கும் உள்ள உறவை அவர் காணவில்லை. அவருக்குப்பின் இருநூறு ஆண்டுகள் எவரும் காணவில்லை. 1728இல் பாரிஸ் நகரத்துப் பியர் ஃபொஷார் பல் வைத்தியத்தைப் பற்றி இரண்டு தொகுதிகள் கொண்ட பெருநூல் ஒன்று வெளியிட்டார். பல்லடியில் இறுகும் காரையைச் சுரண்டி எடுக்கும் கருவிகளை அதில் விளக்கினார். வாய்க்குச் சிறுநீர் நல்ல மருந்து என்றும் அதே நூலில் எழுதினார். பெரியோர் சொன்னதிலும் தேர்ந்து கொள்ளவேண்டுவது உண்டு.

அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரில் இருந்த ஜான் ரிக்ஸ் என்பவரைச் சற்று நின்று நோக்கவேண்டும். 1844 டிசம்பரில், சிரிப்பூட்டும் வாயுவை முகர்ந்திருந்த தம் நண்பர் ஹோரஸ் வெல்ஸின் பல்லை நோவின்றி எடுத்தவர் இவரே. மயக்க மருந்தின் வரலாற்றில் அந்நாள் பெரியது. ஆயினும் ரிக்ஸின் நெஞ்சம் பல்லைப் பிடுங்குவதில் இல்லை. ஈறு வீங்கிச் சீழ் வடிந்து பல் ஆடுவது உடம்பின் பொதுக் கோளாறு என்றும், அதற்கு மருந்தில்லை என்றும் பிறர் கைவிட்ட காலத்தில், “குற்றம் பல்லின்மேல் ஒட்டியுள்ள படிவில் இருக்கிறது, ஈறுக்கடியில் வேர்வரை சென்று அதை நீக்கினால் ஈறு தேறும்” என்று அவர் வாதாடினார். 1876இல் கட்டுரையாகவும் வெளியிட்டார். அந்நோய்க்கு அமெரிக்காவில் ரிக்ஸ் நோய் என்றே பெயர் வழங்கிற்று. நம் நாட்டில் பின்னர்ப் பல்பொடி விளம்பரங்களில் இடம்பெற்ற ‘பயோரியா’ என்பதும் அதுவே.

இவ்வாறு வழி தெரிந்த பிறகும் மருத்துவ உலகம் ஒரு முறை வழி தவறியது. 1910இல் வில்லியம் ஹண்டர் என்னும் ஆங்கில மருத்துவர் கனடாவில் மான்ட்ரியல் நகரில் ஒரு சொற்பொழிவாற்றினார். வாயிலுள்ள சீழே உடம்பின் பற்பல நோய்களுக்கு ஊற்று என்பது அவர் கொள்கை. அதில் உண்மையின் ஒரு கூறு இருந்தது. ஆனால் அதைப் பற்றிக்கொண்ட மருத்துவர்கள், மூட்டுவலிக்கும் சோகைக்கும் காரணம் தெரியாதபொழுதெல்லாம் பல்லைப் பிடுங்கத் தொடங்கினர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இக்கொள்கை கோலோச்சிற்று. என் பாட்டனாரும் அதற்குப் பலியானவரே. 1940களில், முழங்கால் வலிக்காக அவருடைய பற்கள் அனைத்தையும் ஒரு மருத்துவர் எடுத்துவிட்டார். முழங்கால் வலி அவர் இறக்கும்வரை இருந்தது. பேரப்பிள்ளைகள் கடலை கொறிப்பதை அவர் பார்த்துக்கொண்டிருப்பார். எங்கள் பாட்டி அவருக்கு மட்டும் அதை உரலில் இடித்துக் கொடுப்பாள்.

அதே பாட்டி எனக்குக் கற்பித்த பாடம் ஒன்றுண்டு: “ஈறில் இரத்தம் கண்டால் அந்த இடத்தில் விரல் படாதே, ஆறட்டும்.” அன்பினால் பிறந்த இந்த அறிவுரையைப் போல் பல்லைக் கெடுத்தது வேறில்லை. அது தவறென்று ஐயமற நிறுவியது 1965இல் வெளிவந்த ஓர் ஆய்வு. டென்மார்க்கில் ஆர்ஹூஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற அறிஞரும் அவர் துணைவர்களும், நல்ல ஈறுடைய 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர்கள். 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் அனைவருடைய ஈறும் சிவந்து வீங்கிற்று. படிவிலுள்ள உயிர்களின் இனமும் நாளுக்கு நாள் மாறிற்று. மறுபடியும் துலக்கத் தொடங்கினர்; ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலையை அடைந்தது. மருந்தில்லை, கத்தியில்லை. இரத்தம் வரும் இடமே மிகுதியாகத் துலக்கவேண்டிய இடம் என்பது அன்று நிலைநாட்டப்பட்டது.

துலக்குவதிலும் முறையுண்டு. மலேரியாக் கிருமியை உடம்புக்கு வெளியே வளர்த்துக்காட்டிப் புகழ்பெற்ற நியூ ஆர்லியன்ஸ் மருத்துவர் சார்லஸ் பாஸ், முதுமையில் பல்லின் பக்கம் திரும்பினார். மெல்லிய தூரிகையின் நுனியை ஈறும் பல்லும் கூடும் வரம்பில் சாய்த்து வைத்து, சிறிதளவே அசைத்துத் துடைக்க வேண்டும். இடுக்குகளை நூலால் துடைக்க வேண்டும் என்று 1954இல் எழுதினார். பல்லின் நடுப்பகுதியைப் பளபளக்கத் தேய்ப்பதால் ஈறுக்குப் பயனில்லை. படிவு இறுகிக் காரையாகிவிட்டால் தூரிகையால் போகாது. வைத்தியரே கருவிகொண்டு நீக்கவேண்டும். அவ்வாறு நீக்கினால் பல் ஆடும் என்று அஞ்சுவோர் இன்றும் பலர். நோயால் எலும்பு கரைந்த பல்லைச் சுண்ணாம்புச் சுவர்போலக் காரை மூடியிருக்கும். அதை எடுத்ததும் முன்பே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. நோய் எலும்பைத் தொடுமுன் வந்தால் ஈறு முற்றும் தேறும். தொட்டபின் வந்தால் மேலும் கெடாமல் நிறுத்தலாம். இழந்த எலும்பைப் பெரும்பாலும் மீட்க இயலாது.

இனி நம்மவர் கதைக்கு வருகிறேன். அதே ஹரால்ட் லோ, 1969இல் நார்வேயின் ஆஸ்லோ நகரில், சிறு வயது முதல் பல் வைத்தியம் பெற்று வளர்ந்த 565 ஆடவர்களை ஆராயத் தொடங்கினார். அவர்களுக்கு எதிர்நிலையில் வைத்துப் பார்க்க, பல் வைத்தியத்தையே அறியாத மக்கள் வேண்டியிருந்தனர். இலங்கையின் மலைநாட்டில் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் அத்தகையோர் கிடைத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து கோப்பித் தோட்டத்திற்கும் பின் தேயிலைத் தோட்டத்திற்கும் கொண்டுசெல்லப்பட்ட மக்களின் வழியினர் அவர்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் அம்மக்களுள் பெரும்பாலோர் குடியுரிமையும் அற்றிருந்த காலம் அது. 1970இல் 480 ஆண் தொழிலாளரின் வாய்களை ஆய்வாளர் அளந்தனர். கொழுந்து பறிக்கும் பெண்கள் அந்தக் கணக்கில் இல்லை. 1985 வரை, மொத்தம் ஆறு முறை அளந்தார்கள்.

அவர்களிடம் சொத்தைப் பல் அநேகமாக இல்லை. ஆனால் எல்லோர் பல்லிலும் காரை. எல்லோர் ஈறிலும் வீக்கம். நாற்பது வயதை அணுகுகையில் நார்வே ஆடவரின் பற்பிடிப்பு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் தளர்ந்திருந்தது. தோட்டத்து ஆடவருக்கு நாலரை. ஆனால் சராசரிக்குள் மறைந்திருந்த செய்தியே உலகை வியக்கவைத்தது. அவர்களுள் 100க்கு 81 பேருக்கு நோய் மெல்ல வளர்ந்தது. 45 வயதில் ஏழு பற்கள் போயின. 100க்கு 8 பேருக்குப் பாய்ந்து வந்தது. அவர்கள் இருபது வயதிலேயே பல்லை இழக்கத் தொடங்கி, 45 வயதில் ஒரு பல்லும் இல்லாதவராயினர். 100க்கு 11 பேருக்கோ, அதே அழுக்கும் அதே காரையும் இருந்தும், ஈறு வீக்கத்திற்கு அப்பால் ஒன்றும் நேரவில்லை.

படிவு இன்றி நோய் இல்லை. ஆனால் படிவு ஒன்றே ஊழை முடிவு செய்வதில்லை என்பதை மருத்துவ உலகம் இவர்களுடைய வாயிலிருந்து கற்றது. உடம்பு அந்தக் கிருமிகளை எதிர்கொள்ளும் விதத்தில் ஆளுக்கு ஆள் வேற்றுமையுண்டு. புகை பிடிப்போருக்கு அது கேடாகிறது. அன்றியும் புகை இரத்தக் கசிவை அடக்கி நோயை ஒளித்துவைக்கிறது. நீரிழிவுடையோர்க்கு ஈறு விரைவில் கெடுகிறது. கெட்ட ஈறு நீரிழிவைக் கட்டுக்கடங்காமல் செய்கிறது. நீரிழிவின் ஆறாவது கேடு ஈறு நோய் என்று 1993இல் எழுதியவரும் லோவே.

உலகெங்கும் பல் மருத்துவ மாணவர் இந்த எண்களைப் படிக்கிறார்கள். நானும் படித்தேன், தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றேன். அக்காலத்தில் எனக்கு ஒன்று உறைக்கவில்லை. ஆர்ஹூஸ் மாணவர்கள் துலக்காமலிருந்தது அதிகம் போனால் மூன்று வாரம். அதற்குள் தூரிகையை அவர்கள் கையில் திரும்பக் கொடுத்துவிட்டனர். மலைநாட்டில் நோய் தன் போக்கில் நடந்ததை ஏடுகள் பதினைந்து ஆண்டுகள் பதிந்துகொண்டே வந்தன. ஆய்வாளர் வராதிருந்தாலும் அத்தோட்டங்களுக்குப் பல் வைத்தியர் வந்திருக்கமாட்டார் என்று சொல்வாருண்டு. அது உண்மையாக இருக்கலாம். ஆனால் துலக்கினால் ஒரு வாரத்தில் ஈறு தேறும் என்பது 1965இலேயே தெரிந்திருந்தது. அதைக் கண்டவரே 1970இல் அங்கே வந்து நின்றார் என்பதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

2010இல் ஆய்வாளர் மீண்டும் சென்று தேடியபொழுது, 480 பேரில் 75 பேர் வந்து வாயைத் திறந்தனர். பாய்ந்து வந்த நோய்க்கு ஆளானோரின் பற்பிடிப்பு 45 வயதில் 13 மில்லிமீட்டர் தளர்ந்திருந்ததாக முன்பே எழுதி வைத்திருந்தார்கள். பல பற்களின் வேர் நீளமே ஏறக்குறைய அவ்வளவுதான். ஈறை அளக்க நான் நாள்தோறும் கையில் எடுக்கும் சலாகையில் கோடுகள் பத்தோடு முடிந்துவிடுகின்றன.