வில்லால் போட்ட துளை

கொல்லிமலை வாழவந்தி நாட்டுச் செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் ஒரே அம்பு துளைத்துப் போனதை வன்பரணர் பாடியிருக்கிறார் (புறநானூறு 152). அந்த வில்லைப் பாடப் புலவர் இருந்தார். துளை போடுவதற்கென்றே இன்னொரு வில் இருந்ததே, அதைப் பத்தித்தான் இந்தக் குறிப்பு.

நாணை ஒரு தண்டில் ஒரு சுற்று சுற்றி, வில்லை முன்னும் பின்னும் இழுத்தால் தண்டு சுழலும். நுனியில் அலகு. துரப்பணத்தில் இது ஒரு பழைய வகை. பலுசிஸ்தானத்து மெஹர்கரில் 7,500 முதல் 9,000 ஆண்டுகளுக்கு முன் கடைவாய்ப் பற்களில் போட்ட துளைகள் கிடைத்தன. அவை வில் துரப்பணத்தால் போட்டவையாக இருக்கலாம் என்று 2006-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

ஆனா சுழற்றுவது சுலபம், நடுவில் நிறுத்துவதுதான் கஷ்டம். முனை கல்லில் வழுக்கும். மரத்தில் ரேகை இருக்கிற பக்கம் இழுத்துக்கொண்டு போகும். குஜராத்தின் கம்பாத்தில் கல்மணி செய்கிறவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முதலில் சின்னக் குழி தட்டுவார்கள். வைர முனை அந்தக் குழியில் உட்காரும். பாதி இந்தப் பக்கம், மீதி அந்தப் பக்கம். இரண்டு துளையும் நடுவில் சந்திக்கணும். கொல்லிமலைக்கு மேற்கே, நொய்யல் கரைக் கொடுமணலில், சங்ககால மணிப் பட்டறைகள் இருந்தன. அங்கே பாதியில் நின்ற மணிகளும் கிடைத்தன.

கதவுக்கு வருவோம். பழைய குடுமிக் கதவுக்கு ஸ்க்ரூவே கிடையாது. மேல் குழியும் கீழ்க் குழியும் ஒரே தூக்குக்குண்டு நேரில் இருந்தால் போதும். ஸ்க்ரூ போட்டு மாட்டுகிற கீல் வந்ததும் சிக்கல் மாறியது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மர ஸ்க்ரூவின் நுனி மொட்டையாக இருந்தது. துளை போடாமல் உள்ளே போகாது. 1846-இல் அமெரிக்கர் தாமஸ் ஸ்லோன் கூர்நுனி ஸ்க்ரூவுக்குக் காப்புரிமை வாங்கினார். கூர் வந்ததும் துளையே வேண்டாம் என்கிற துணிச்சலும் வந்துவிட்டது.

அங்கேதான் கதவு கெடுகிறது. கீல் ஸ்க்ரூவின் தலை கூம்பு வடிவம். துளை ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் அந்தச் சரிவு தகட்டின் ஒரு ஓரத்தில் மட்டும் அழுத்தி, கீலைத் தள்ளிவிடும். கதவு நிலையில் உரசும்.

இப்போது ஸ்பிரிங் வைத்த ட்ரில் பிட் விற்கிறார்கள். அதன் கூம்பு மூக்கு கீல் ஓட்டையில் உட்கார்ந்து அலகை நடுவில் பிடிக்கும். மணிக்காரரின் குழி செய்த வேலைதான் இது. பிட் இல்லையா? கீலை வைத்து, ஓட்டை நடுவில் ஒரு ஆணியால் லேசா தட்டுங்க. குழி முதல்ல, துளை அப்புறம்.